கோயில் பேனருக்குக் கையெழுத்து எழுத்துரு சரிப்படுமா?

வாணி_சிப்புட்:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் தேர்த் திருவிழாவுக்குச் சாலை முனையில் பேனர் கட்டியிருக்கிறார்கள். அம்மன் பெயரிலிருந்து அன்னதான நேரம் வரை எல்லாமே சுழித்துச் சுழித்து வரும் கையெழுத்து எழுத்துரு. ‘தேர்’ என்பதில் ர-வின் கீழ்க்கோடு வாலாக இழுபட்டு, புள்ளி பூ அலங்காரத்துக்குள் போய்விட்டது. ‘மாலை 7’ஐ என் மாமியார் 1 என்று படித்தார். அழகுக்காக இப்படிச் செய்யலாமா?

அச்சகத்தம்பி:
அக்கா, அந்த பேனர் என் வேலை இல்லை, ஆனால் என் தொழிலும் இதுதான். கல்யாணப் பத்திரிகையைக் கட்டை எழுத்தில் போட்டால் ‘நோட்டீஸ் மாதிரி இருக்கு’ என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். கையெழுத்துப் பாணி புதிதும் அல்ல. பிரஷ் ஸ்கிரிப்ட் என்ற ஆங்கில எழுத்துரு 1942இல் வந்தது. பிரான்சின் ரோஜே எக்ஸ்கோஃபோன் வரைந்த மிஸ்ட்ரல் 1953இல் வந்தது. இன்றைக்கும் கடைப் பலகைகளில் பார்க்கலாம். தமிழ் மட்டும் விறைப்பாகவே நிற்க வேண்டுமா?

வாணி_சிப்புட்:
கடைப் பலகையில் இரண்டு மூன்று சொல்தானே தம்பி! மிஸ்ட்ரலில் ஓர் எழுத்து அடுத்ததைத் தொட்டுக்கொண்டு ஓடும். நம் எழுத்துகள் தனித்தனியாக நிற்பவை. ஓட்டம் காட்ட வாலை நீட்டினால் கொம்பிலும் காலிலும் இடிக்கும். ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று. கூடுதலாக ஒரு சுழிப்பு போட்டால் சொல்லே மாறிவிடும்.

கித்தாமரத்தான்:
நான் தோட்டத்தில் தூரிகை பிடித்து போர்டு எழுதியவன். ஒரு வரியில் மூன்று ‘க’ வந்தால் மூன்றையும் இடம் பார்த்து வேறுவேறாக இழுப்போம். கணினியில் மூன்றுக்கும் ஒரே வால். அதைக் கையெழுத்து என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அச்சகத்தம்பி:
ஐயா, அதற்கும் வழி உண்டு. ஹெர்மன் சாஃப் வரைந்த சாஃப்பினோ என்ற ஆங்கில எழுத்துருவில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் இருக்கின்றன. இடத்துக்கு ஏற்றதைப் போடலாம். தமிழிலும் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் கூகுளில் இலவசமாகவே கிடைக்கிறது. சாய்ந்த கையெழுத்துதான், ஆனால் புள்ளியும் சுழியும் தெளிவாகத் தெரியும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் இருப்பதால் அதே வரியை வாட்ஸ்அப்பிலும் ஒட்டலாம். யூனிகோட் இல்லாத பழைய பாமினி வகை எழுத்துருக்களில் அடித்ததை ஒட்டினால் குப்பையாக வரும்.

வாணி_சிப்புட்:
நல்லது, தலைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு வேண்டாம். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்று பலகைக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். மோட்டாரில் போகிறவர் 100 அடியிலேயே படிக்க வேண்டுமானால் 10 அங்குலம் வேண்டும், அதுவும் நேரான எழுத்துக்கு.

அச்சகத்தம்பி:
சரி அக்கா, தேதி, நேரம், இடம் மூன்றும் நேர் எழுத்தில் போகட்டும். அம்மன் பெயரை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

கித்தாமரத்தான்:
அம்மன் பெயரைத்தான் முதலில் கையால் எழுத வேண்டும். துணி கொண்டுவாருங்கள், எழுதித் தருகிறேன்.

வாணி_சிப்புட்:
ஐயா, தேர் இந்த வெள்ளிக்கிழமை. இப்போதைக்கு அந்த 7இன் மேல் ஒட்ட யாராவது பெரிய ஸ்டிக்கர் வெட்டித் தர முடியுமா?