டி.என்.ஏ. பொருந்தியும் விடுதலையா? சாவ்லா தீர்ப்பு பற்றி

மயூர்விஹார் சீனிவாசன்:
டெல்லியில் இருக்கும் நமக்கு இங்குள்ள சாவ்லா பகுதியின் வழக்கு மறக்காது. 2012இல் 19 வயதுப் பெண்ணைக் கடத்திக் கொன்றார்கள். விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மூன்று பேருக்குத் தூக்கு என்றன. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்துவிட்டது. டி.என்.ஏ. அறிக்கை எதிராக இருந்தும்! அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கரோல்பாக் வித்யா:
சீனிவாசன் சார், நான் கிரிமினல் வழக்குகள் நடத்துபவள். தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். மாதிரிகளைக் கைப்பற்றியது பிப்ரவரி 14, 16. ஆய்வகத்துக்கு அனுப்பியது 27. அதுவரை காவல் நிலைய மால்கானாவில், அதாவது கைப்பற்றிய பொருள்களை வைக்கும் அறையில், கிடந்தன. யாரும் கை வைத்திருக்க முடியாது என்று சொல்ல வழியில்லை. அறிக்கையின் அடிப்படை என்ன, முறைப்படி சோதித்தார்களா என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் ஆராயவே இல்லை.

சீனிவாசன்:
பதினோரு நாள் கிடந்தால் ஒருவர் டி.என்.ஏ. இன்னொருவருடையதாக மாறிவிடுமா? கெட்டுப்போனால் முடிவு வராமல் போகும், அவ்வளவுதான். நிர்பயா வழக்கில் 2017இல் இதே உச்ச நீதிமன்றம் டி.என்.ஏ.வை ஏற்றதே?

ஆர்.கே.புரம் கதிர்:
கெட்டுப்போவது பற்றிச் சார் சொல்வது சரி. பயம் அதில் இல்லை, கலப்பில். பி.சி.ஆர். என்ற ஆய்வக முறை கண்ணுக்குத் தெரியாத டி.என்.ஏ. துளியையும் கோடிக்கணக்கில் நகலெடுக்கும். ஒட்டிக்கொண்ட அழுக்கையும் சேர்த்துத்தான். ஜெர்மனியில் 2007இல் ஹெய்ல்ப்ரான் நகரில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டி.என்.ஏ. வேறு பல குற்ற இடங்களிலும் கிடைத்திருந்ததால் ஒரு மர்மப் பெண்ணைத் தேடி அலைந்தார்கள். 2009இல்தான் தெரிந்தது, தடயம் எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்தவருடையது அது. பொருத்தம் உண்மை. குற்றத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம், ‘கோடியில் ஒருவருக்குத்தான் பொருந்தும்’ என்பதை ‘இவர் நிரபராதியாக இருக்கக் கோடியில் ஒரு வாய்ப்பு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அந்தத் தடயம் எப்போது, எப்படி அங்கே வந்தது என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

சீனிவாசன்:
சரி, போலீஸின் மெத்தனத்துக்கு அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் ஏன் அனுபவிக்க வேண்டும்?

வித்யா:
அனுபவிக்கவே கூடாது சார். அதனால்தான் தேனி சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கைச் சொல்கிறேன். தூக்குத் தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் விடுவித்தபோதே உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் விதி போட்டது: 48 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகம் சேர வேண்டும், நீதிமன்ற அனுமதியின்றிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, கைமாறியதெல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும்.

சீனிவாசன்:
காரணம் எழுதிவிட்டால் போதுமா வித்யா? எழுதிய அதிகாரி வேலையில் இருப்பார், வழக்கு மட்டும் விழுந்துவிடும். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.