சென்னாக்கூனிக்கு எத்தனை கால்?

முப்பது வயது வரை சென்னாக்கூனி என்றால் இறால் குஞ்சு என்றே நினைத்திருந்தேன். கடலூரில் எங்கள் வீட்டில் கத்திரிக்காயோடு சேர்த்துத் தொக்கு வைப்பார்கள். "பாவம், வளர விடாமல் அள்ளிவிடுகிறார்கள்" என்று சொல்லியபடியே அப்பா இரண்டாம் முறையும் போட்டுக்கொள்வார்.

பரங்கிப்பேட்டை அன்னங்கோயிலில் ஒரு விடிகாலை, கொசுவலை போன்ற நெருக்கமான வலையிலிருந்து கூடையில் கொட்டினார்கள். தள்ளி நின்று பார்த்தால் வெறும் கஞ்சி. கூடைக்காரப் பெண்மணி சிரித்தார். "இது குஞ்சு இல்லை தம்பி, கிழடானாலும் இவ்வளவுதான்."

நம்பாமல் ஒரு பிடி வாங்கி வந்து பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி உடம்பு, கடுகு ஒட்டினாற்போல் கறுத்த கண்கள், உடலைவிட நீண்ட மீசை, வால் துடுப்பின் அடியில் சிவப்புப் பொட்டு. நடக்கும் கால்கள் மூன்று ஜோடிதான்! இறாலுக்கு ஐந்து. அசிட்டஸ் என்ற இந்தப் பேரினத்துக்குக் கடைசி இரண்டு ஜோடி கிடையாது. முழுதாக வளர்ந்ததே பெரும்பாலும் ஒன்றரை முதல் நான்கு செ.மீ. தான்.

வெள்ளாற்று முகத்துவாரம் போன்ற கலங்கல் நீரும் கரையோரக் கடலும்தான் இதன் வீடு. கூட்டம் கூட்டமாகத் திரியும். சாவாளை மீன் அதைத் துரத்தித் தின்னும். அம்மா சாவாளை வயிற்றைக் கீறும்போது வழியும் இளஞ்சிவப்புக் கூழ் என்னவென்று அன்றுதான் புரிந்தது.

ஆனால் அந்தப் பிடியில் நிஜமான இறால் குஞ்சு நான்கும், பெயர் தெரியாத மீன் குஞ்சுகளும் கிடந்தன. அப்பா சொன்னதிலும் பாதி சரிதான்.

*

மலேசியாவின் மலாக்காவில் வளர்ந்த ஒருவர் சொன்னது: எங்கள் ஊரில் இதற்குக் கெராகாவ் என்று பெயர். கத்தரிக்கோல் போல் விரிந்த இரண்டு கழிகளில் வலையைக் கட்டி, இடுப்பளவு நீரில் தள்ளிக்கொண்டே நடப்பார்கள். சிறுவயதில் நானும் பின்னாலேயே போய்ச் சேற்றில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தேன். உப்பிட்டு, இடித்து, வெயிலில் காயவைத்தால் பெலாச்சான் என்ற கூனி விழுது. அடுப்பில் சுடும்போது தெருவே மணக்கும்; பக்கத்து வீட்டுப் பாட்டி அதை நாற்றம் என்பார். சம்பல் அரைத்து முடித்ததும் கிண்ணத்தோடு முதலில் வருவதும் அவர்தான்.

*

எங்கள் கடலூர்ப் பக்கத்துக் கூனியை மணலில் காயவைத்தது என்றால் மட்டும் வாங்காதீர்கள். எத்தனை முறை புடைத்தாலும் பல்லில் நறநறக்கும்.