அரசு சேனல் சொல்வதில் உண்மையும் இருக்கிறதே, அப்புறம் அது எப்படிப் பிரசாரம்?

நிலவன்:
கொஞ்ச நாளா சீன அரசோட சிஜிடிஎன், ரஷ்ய அரசோட ஆர்டி, இந்த ரெண்டு சேனலையும் விடாம பார்த்துட்டு வர்றேன். ஈராக் போர், அமெரிக்காவில் கறுப்பினத்தவர் மேல் நடக்கிற போலீஸ் அடாவடி, இதுபத்தி அவங்க சொல்றதுல இது பொய்னு எதையும் என்னால காட்ட முடியல. தயாரிப்பும் பளிச்சுனு இருக்கு. பிபிசியும் மக்கள் கட்டுற கட்டணத்துல, அரசு மானியத்துல ஓடுறதுதானே? ஒண்ணைச் செய்தின்னும் இன்னொண்ணைப் பிரசாரம்னும் எதை வச்சுப் பிரிக்கிறீங்க? சண்டைக்காகக் கேட்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

இரவுமேசை:
ஒரு செய்தி சேனலின் அயல்நாட்டுப் பிரிவில் பல வருடம் இரவுப் பணி பார்த்தவன் நான். பொய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பெரும்பாலான நாட்களில் எதுவும் சிக்காது.

சர்வதேசச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் வீடியோ ஃபீடுக்குச் சந்தா கட்ட வேண்டும். ஒரு நாட்டின் அரசுச் செய்தி நிறுவனமோ தினமும் இலவசமாக அனுப்பும். எடிட் செய்து, ஒலியைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் விவரம் எழுதி வரும். புல்லட்டின் தொடங்கப் போகிற நேரத்தில் ஒரு நிமிடம் காலியாக நின்றால் கை தானாக அங்கேதான் போகும். புது ரயில் பாதை, அறுவடை, பனிச்சறுக்கு. ஒரு வரிகூடத் தப்பில்லை. அதே வாரம் அங்கே கைதான வழக்கறிஞர்களின் காட்சி மட்டும் எந்த ஃபீடிலும் இருக்காது, அங்கே கேமராவை விடமாட்டார்கள். இப்படியே வருடங்கள் போனால், பார்ப்பவர் மனதில் அந்த நாடென்றால் ரயிலும் அறுவடையும்தான்.

ரஷ்யாவின் வழி வேறு. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் எம்எச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். உக்ரைன் போர் விமானம் சுட்டது என்றன ரஷ்யத் தரப்பு ஊடகங்கள். இல்லை, தரையிலிருந்து பாய்ந்த உக்ரைனின் பக் ஏவுகணை என்றும் சொன்னார்கள். நவம்பரில் ரஷ்ய அரசுத் தொலைக்காட்சியான சேனல் ஒன் ஒரு ‘செயற்கைக்கோள் படம்’ காட்டியது. அது போலி என்று இணையத்தில் சீக்கிரமே அம்பலமானது. இந்தக் கதைகள் ஒன்றோடொன்று முட்டுகிறதே என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பார்ப்பவர் சலித்துப்போய் ‘எல்லாரும் பொய்தான் சொல்றாங்க’ என்று எழுந்துவிட்டால் போதும். 2022-ல் இந்த வழக்கில் டச்சு நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தபோது, காது கொடுத்துக் கேட்கும் பொறுமை பலருக்கு இல்லை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பிபிசிக்கும் சாய்வு உண்டு, வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொன்ன அரசு ஆவண விவகாரத்தில் அது பிரிட்டிஷ் பிரதமர் பிளேரின் அரசோடு மோதியது. 2004-ல் நீதிபதி ஹட்டனின் விசாரணை அறிக்கை பிபிசியைக் கண்டித்ததும் அதன் தலைவரும் இயக்குநர் ஜெனரலும் பதவி விலகினார்கள். அத்தனையும் பிபிசியிலேயே செய்தியாக ஓடியது. 2022 மார்ச்சில் சேனல் ஒன் நேரலையில் போர் எதிர்ப்புப் பதாகையோடு வந்து நின்ற அதன் ஊழியர் மரீனா ஓவ்சியானிக்கோவா, பிறகு நாட்டை விட்டே தப்ப வேண்டியிருந்தது. அவர் இல்லாமலே எட்டரை ஆண்டு சிறை விதித்தார்கள், கிரெம்ளின் அருகே நடத்திய இன்னொரு போராட்டத்துக்காக.

கயல்:
விளையாட்டையும் சேர்த்துக்குங்க. 1978 உலகக் கோப்பை நடந்தப்ப அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி. பேரைச் சீர்படுத்த அமெரிக்க பிஆர் (மக்கள் தொடர்பு) நிறுவனத்தைக் காசு கொடுத்து அமர்த்தியிருந்தாங்க. இறுதிப் போட்டி நடந்த மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் எஸ்மா கடற்படைப் பள்ளி, உள்ளே ஆட்களை அடைச்சு வச்சுச் சித்திரவதை. கோல் விழுந்தப்ப எழுந்த இரைச்சல் தங்களுக்கும் கேட்டதுன்னு தப்பிப் பிழைச்சவங்க சொல்லியிருக்காங்க. ஆனா கேமராக்களை மொத்தமா அடக்க முடியல. காணாமப்போன பிள்ளைகளைத் தேடி தலைநகரின் பிளாசா தே மாயோ சதுக்கத்தில் நின்ன அம்மாக்களை டச்சுத் தொலைக்காட்சி படம்பிடிச்சு வெளியே கொண்டுபோயிடுச்சு.

நிலவன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. அப்போ பார்க்கிறதையே நிறுத்திடணுமா?

இரவுமேசை:
வேண்டாம், நானும் பார்க்கிறேன். ஈராக் பற்றி அவர்கள் சொன்னது சரியென்றால் சரிதான். அதே சேனல்களில் புச்சா (உக்ரைனில் பொதுமக்கள் படுகொலை நடந்த ஊர்), ஷின்ஜியாங் (சீனாவில் உய்குர் முஸ்லிம்கள் அடைத்துவைக்கப்பட்ட பகுதி) என்று தேடிப் பாருங்கள். சொந்த நாட்டுத் தலைவரைப் பெயர் சொல்லி யாராவது கேள்வி கேட்கிறார்களா என்றும் கவனியுங்கள். கிடைத்ததை ராய்ட்டர்ஸ், ஏபி செய்திகளோடு பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், பேசுவோம்.