யோஷிஃபுமி கோண்டோவின் உச்சம்: டிவியிலா, சினிமாவிலா?

கரிக்கோடு:
ஜப்பானிய அனிமேஷன் கலைஞர் கோண்டோ என்றாலே 1995-இல் அவர் இயக்கிய 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' படத்தோடு பேச்சை முடித்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், 1979-இல் டிவியில் வந்த 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' தொடர்தான் அவருடைய உச்சம். இயக்கம் இசாவோ தகஹாதா, பாத்திர வடிவமைப்பும் அனிமேஷன் இயக்கமும் கோண்டோ. மொத்தம் 50 பகுதிகள். ஒல்லிக்குச்சியாக, முகமெல்லாம் புள்ளியோடு வந்து இறங்கும் சிறுமி, கடைசியில் வளர்ந்த பெண்ணாக நிற்கிறாள். எந்த வாரத்தில் மாறினாள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வெண்திரை:
மன்னிக்கணும், ஒப்புக்கொள்ள மாட்டேன். வாரம் ஒரு பகுதி என்று ஓடும் டிவியில் படங்களைக் குறைத்துத்தான் வரைய முடியும். 1988-இல் தகஹாதா இயக்கி, கோண்டோ வரைந்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படத்தைப் பாருங்கள். அம்மாவைப் பார்க்க முடியாமல் சிறுமி செட்சுகோ குந்தி உட்கார்ந்து அழுவாள். அண்ணன் கம்பியில் சுழன்று சுழன்று காட்டுவான். நாலு வயதுப் பிள்ளையின் முதுகு அழும்போது எப்படிக் குலுங்குமோ, அப்படியே இருக்கும். அதற்கு சினிமா தரும் அவகாசம் வேண்டும்.

கரிக்கோடு:
அந்தக் காட்சியை நானும் மறக்கவில்லை. ஆனால் அதே நேரத்தில் இன்னொரு இயக்குநர் ஹயாவோ மியாசாகி 'டொட்டோரோ' படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்குமே கோண்டோ வேண்டும் என்று இழுபறி நடந்தது. கடைசியில் தகஹாதாவிடம் போனார். தகஹாதா ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார்? குழந்தையின் உடம்பை இவரால்தான் வரைய முடியும் என்று 'ஆன்' தொடரிலேயே பார்த்துவிட்டார். நீங்கள் சொல்லும் முதுகு டிவியில் பழகிய கை வரைந்தது.

மழைத்தூறல்:
இடையில் வருகிறேன். 'விஸ்பர்' படத்துக்குத் திரைக்கதையும் ஸ்டோரிபோர்டும் (காட்சிகளை முன்கூட்டியே வரைந்து வைக்கும் திட்டம்) மியாசாகி. அப்படியென்றால் அதை எப்படி கோண்டோவின் உச்சம் என்பது?

வெண்திரை:
ஸ்டோரிபோர்டு மியாசாகியுடையதுதான், சரி. ஆனால் அந்தப் படத்தின் நாயகி ஷிசுகு வீட்டைக் கவனியுங்கள். நெருக்கடியான அடுக்குமாடி வீடு, அக்காவோடு பங்குபோட்ட அறை, ஆளுக்கொரு வேலையில் மூழ்கிய குடும்பம். யாரும் பெரிதாக எதுவும் செய்வதில்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. தெருவில் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டே இருந்த மனிதர் கோண்டோ. அந்த நிதானம் மியாசாகியிடம் கிடையாது.

மழைத்தூறல்:
அது நியாயம். 1998 ஜனவரியில், 47 வயதில் கோண்டோ போய்விட்டார். இரண்டாவது படம் ஒன்று வந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

வெண்திரை:
கரிக்கோடு, உண்மையைச் சொல்கிறேன்: 'ஆன்' 12 பகுதிதான் பார்த்திருக்கிறேன். மீதி 38-ஐயும் பார்த்துவிட்டு வருகிறேன். செட்சுகோவை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.