வெங்காயம் வேண்டாம்

உறையூர் அக்கா:

என் தம்பி 1990இல் பிறந்தவன். டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே அமைகிற ஒரு நிலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனும் நானும் ஓட்டலில் டிபன் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சப்ளையர் வந்து என்னைப் பார்த்து, "உங்களுக்கு?" என்பார். பிறகு மறுபடியும் என்னையே பார்த்து, "அவருக்கு?" என்பார். நான், "ஆனியன் ரவா" என்பேன். வருடக்கணக்காக இப்படித்தான்.

போன மாதம் அங்கே புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்திருந்தான். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டவன், தம்பி பக்கம் திரும்பி, "அண்ணா, உங்களுக்கு?" என்றான். தம்பி உடனே பதில் சொல்கிறவன் இல்லை. கேள்வியை உள்ளே வாங்கி, சொல்லைத் தேடிப் பிடித்து வாய்க்குக் கொண்டுவர அவனுக்கு நேரம் பிடிக்கும். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். அந்தப் பையன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையை இன்னொரு முறை துடைத்தான். டம்ளரை நகர்த்தி வைத்தான். அவ்வளவு நேரம் கழித்துத் தம்பி சொன்னான்: "ரவா. வெங்காயம் வேண்டாம்."

இத்தனை வருடமும் அவன் வெங்காயத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பான். அடுக்கி வைப்பது அவர்களுக்குப் பிடிக்கும்போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பெருமை வேறு பட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பஸ்ஸிலோ யாராவது இப்படி நேராக அவர்களிடமே கேட்டதுண்டா? கேட்காமல் விட்டதையும் எழுதலாம். அனுதாபக் கதைகள் மட்டும் வேண்டாம். மார்ச் 21, உலக டவுன் சிண்ட்ரோம் தினம் வந்தால் அவற்றுக்குப் பஞ்சமே இருக்காது.

கோவை அப்பா:

உங்கள் வெங்காயம் எனக்கு ஏப்ரல் மாதக் குளிரை ஞாபகப்படுத்துகிறது. என் மகனுக்கு 19 வயது. ஒரு நாற்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை. ஒரு நாள்கூட மட்டம் போடாதவன், திடீரென்று படுக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்தான். குளிக்க மாட்டேன் என்றான். முகம் உப்பியது. மலச்சிக்கல். பிடிவாதம் என்றாள் என் மனைவி. வயதுக்கோளாறு என்றார் என் அண்ணன். நாங்கள் முதலில் காட்டிய மருத்துவர், "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் சார், வயது ஏற ஏற மந்தமாவார்கள்" என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாங்களும் நம்பினோம்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா நாற்காலியை அவன் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவன் தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "குளிர்" என்றான். வெளியே கொளுத்தும் வெயில், அறையில் மின்விசிறி மட்டும்தான். அன்றே ரத்தப் பரிசோதனை. தைராய்டு சுரப்பு மிகவும் குறைவு. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் மண் நிரப்பக் கிளம்பிவிட்டான்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டுக் குறைபாடு வர வாய்ப்பு அதிகம், வருடம் ஒருமுறை டி.எஸ்.எச். என்னும் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எது வந்தாலும் அந்தப் பெயரின் தலையில் கட்டிவிடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

நாகர்கோவில் அம்மா:

என் மகளுக்கு இரண்டு வயதாகிறது. அவள் பிறந்த அன்று எனக்கு வயது 26. இதைச் சொல்லக் காரணம், "வயது போன பிறகு பெற்றால்தானே இப்படி வரும்?" என்று இன்றும் கேட்கிறார்கள். முப்பத்தைந்துக்கு மேல் வாய்ப்பு ஏறுகிறது, உண்மைதான். ஆனால் பிள்ளை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் அதற்குக் குறைந்த வயதுக்காரர்கள். அதனால் இந்தக் குழந்தைகளிலும் பெரும்பாலோர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள். கிரகணத்தன்று வெளியே போனாயா என்று கேட்ட என் மாமியாரின் அக்காவுக்கு நான் தாளில் வரைந்தே காட்டினேன்: எல்லோருக்கும் குரோமோசோம் 46, இவளுக்கு 47. இருபத்தொன்றாவது இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. இது கருவிலேயே அமைந்துவிடுவது, சந்திரனுக்கும் சூரியனுக்கும் இதில் வேலையில்லை. மூன்றாம் மாதம் இருபத்தொன்றாம் தேதியை இதற்கான உலக தினமாக வைத்ததும் அந்தக் கணக்கில்தான். பெரியம்மா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கூடுதலாகத்தானே இருக்கிறது, குறையவில்லையே" என்றார். அதற்குப் பிறகு அவரை எனக்குப் பிடித்துப்போனது.

நான் சொல்ல வந்தது வேறு. பிறந்த மறுநாள் மருத்துவர் என் கணவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். எனக்குச் சொல்ல மூன்று நாள் ஆனது. பெயர் சூட்டும் சடங்கைப் பெரியவர்கள் தள்ளிப்போட்டார்கள். "இதயத்தில் ஓட்டை என்கிறார்கள், எப்படி ஆகிறதென்று பார்த்துக்கொண்டு வைக்கலாம்" என்றார்கள். அந்த 'எப்படி ஆகிறதென்று' எனக்குப் புரியாமல் இல்லை. இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும்.

இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கப் போனோம். அங்கே இருந்த டெக்னீஷியன், ஐம்பது வயது மனிதர், ஜெல்லைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே மகளிடம், "வாருங்கள் மேடம், நெஞ்சைக் கொஞ்சம் பார்க்கலாமா? மேடம் பெயர் என்ன?" என்று கேட்டார். பிறந்து நாற்பது நாளில் அவள் பெயரை யாரும் கேட்டதில்லை. பெயரே இல்லையே! அந்த நொடியில் என் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். அவரும் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார். அறுவை சிகிச்சை முடிந்து ஊருக்கு வந்த பிறகு, வைத்திருந்த பட்டியலிலிருந்து வேறு பெயர் வைக்கலாம் என்றார்கள். மாற்ற மாட்டேன் என்றுவிட்டேன்.

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற கண்டக்டர்:

எங்கள் வழித்தடத்தில் ஒரு தம்பி தினமும் ஏறுவார். தொழிற்பயிற்சி மையத்துக்குப் போகிறவர். மாற்றுத்திறனாளிகளுக்கான பஸ் பாஸ் வைத்திருந்தார். நான் தூரத்திலிருந்தே பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழிக்கப் போய்விடுவேன். கூட்டமான வண்டி, எனக்கு அவரைத் தெரியும், அவர் பாஸும் தெரியும். ஆனால் அவர் விடமாட்டார். பாஸை நீட்டிய கையை இறக்காமலே நிற்பார். பிரேக் போட்டால் விழுந்துவிடப் போகிறாரே என்று எனக்குக் கோபம் வரும்.

ஒருநாள் எரிச்சலோடு கிட்டே போய் வாங்கிப் பார்த்தேன். பாஸில் இருந்த போட்டோவைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், திருப்பிக் கொடுத்து "சரி, உட்காருங்கள்" என்றேன். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான் விஷயம். மற்றவர்களிடம் பாஸை வாங்கிப் பார்க்கிற மாதிரி தன்னிடமும் வாங்கிப் பார்க்க வேண்டும். ஓய்வு பெறும்வரை தினமும் பார்த்தேன். கலைந்த தலையோடு எடுத்த போட்டோ அது. புதுப்பிக்கும்போது நல்ல போட்டோ கொடுங்கள் என்று அவரிடமே சொன்னேன். அடுத்த பாஸில் எண்ணெய் தேய்த்து வகிடு எடுத்திருந்தார்.

சென்னை வாசகர்:

இதையெல்லாம் படிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நான் அந்தப் பழைய சப்ளையர் கட்சி. கடை வைத்திருக்கிறேன். அம்மாவோடு வருகிற ஒருவரிடம் நான் பேசியதே இல்லை. இளக்காரத்தால் அல்ல. அவர் சொல்வது எனக்குப் புரியாவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

விழுப்புரம் சிறப்பாசிரியர்:

சென்னை நண்பருக்கு: புரியாவிட்டால் "புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். புரிந்தது மாதிரி தலையாட்டாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். வாய்த் தசைகள் தளர்வாக இருப்பதாலும், பலருக்குக் காது மந்தமாக இருப்பதாலும் பேச்சு தெளிவாக வராது. சொல்வதைவிடப் புரிந்துகொள்வது அவர்களுக்குப் பெரும்பாலும் அதிகம். கத்திப் பேசவும் வேண்டாம். முகத்தைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. போதும்.

விழாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 21 அன்று ஜோடி சேராத காலுறைகள் அணிவது உலக வழக்கமாகிவிட்டது. குரோமோசோம் படத்தைப் பார்த்தால் காலுறை மாதிரியே இருக்கும், அதனால். எங்கள் பிள்ளைகள் மார்ச் வெயிலில் ரப்பர் செருப்போடு வருகிறவர்கள். காலுறைக்கு எங்கே போவது? ஒரு கைக்குச் சிவப்பு வளையல், மறு கைக்குப் பச்சை என்று போட்டுக்கொண்டோம். பையன்களும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு விழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசினார். "கடவுளின் குழந்தைகள்" என்பது ஆறு முறை வந்தது, எண்ணினேன். "எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவர்கள்" என்றார். முன்வரிசையில் என் மாணவன் தாகத்தில் முறைத்துக்கொண்டிருந்தான். பரிசு கொடுக்கும்போது என் மாணவி ஒருத்தி மேடையேறினாள். அவளுக்கு வயது 22. தொகுப்பாளர் என்னைப் பார்த்து, "குழந்தைக்கு என்ன பிடிக்கும் மேடம்?" என்றபடியே ஒரு கரடி பொம்மையை எடுத்து அவள் கையில் திணித்தார். அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். உதவிக்கு வந்திருந்த பெண்களுக்குக் கொடுக்க வைத்திருந்த எவர்சில்வர் டப்பாக்களைப் பார்த்தாள். மைக் பக்கத்திலேயே நின்று, "எனக்கு டப்பா" என்றாள். அரங்கம் முழுக்கக் கேட்டது. டப்பா கிடைத்தது. இன்றும் மதியச் சோறு அதில்தான் கொண்டுவருகிறாள்.

ஈரோடு அம்மா:

எல்லோருடைய பிள்ளையும் கேட்டால் பதில் சொல்கிறது. என் மகளுக்கு 24 வயது, பேச்சு இல்லை. "அவர்களிடமே கேளுங்கள்" என்று படிக்கும்போது சில சமயம் எனக்கு எரிச்சல் வருகிறது. எழுத வேண்டாம் என்று நினைத்துத்தான் இருந்தேன்.

பதினெட்டு முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அவள் தனி ஆள். வங்கியில் அவளுக்காக நான் கையெழுத்துப் போட முடியவில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் வாங்க வேண்டும். விண்ணப்பித்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கேள்வியெல்லாம் என்னிடம்தான். வருமானம் என்ன, வீடு யார் பெயரில், உங்களுக்குப் பிறகு யார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அங்கிருந்த ஓர் அம்மா அவளிடம் குனிந்து, "கண்ணு, உனக்கு யாருடன் இருக்கப் பிடிக்கும்?" என்று கேட்டார். என் மகள் எழுந்தாள். என்னைத் தாண்டிப் போய், துணைக்கு வந்திருந்த என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி அழுதேன், மறைக்கவில்லை. நியமனம் என் பெயரில்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். தங்கை வந்தால் இரண்டு சுடிதாரை எடுத்துக் கட்டிலில் விரித்து, எது என்று கேட்பாள். மகள் ஒன்றைத் தொடுவாள். நான் அவசரத்தில் கைக்கு வந்ததை மாட்டிவிடுகிறவள். இப்போது நானும் இரண்டாக விரிக்கிறேன். பெரும்பாலும் மஞ்சளைத் தொடுகிறாள். எனக்கு மஞ்சள் பிடிக்காது.

உறையூர் அக்கா:

ஈரோடு அம்மா, நீங்கள் எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி பிறந்தபோது மருத்துவமனைச் சீட்டில் "மங்கோலியன் குழந்தை" என்று எழுதிக் கொடுத்தார்கள். டவுன் சிண்ட்ரோமுக்கு முன்பு வழங்கிய பெயர் அது. மங்கோலிய நாடு கேட்டுக்கொண்டதால் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை 1965இலேயே கைவிட்டுவிட்டது. எங்கள் ஊருக்குச் செய்தி வர இருபத்தைந்து வருடம் போதவில்லை. அந்தச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

நேற்று இவற்றையெல்லாம் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். டப்பாவுக்குச் சிரித்தான். மற்றவற்றை எவ்வளவு வாங்கிக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன், ஊகிப்பதை நிறுத்திவிட்டேன். "ஏதாவது எழுதச் சொல்கிறாயா?" என்று கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து, "கண்டக்டர் பஸ்ஸில் பாட்டு உண்டா?" என்று கேட்கச் சொன்னான்.

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற கண்டக்டர்:

தம்பியிடம் சொல்லுங்கள்: அரசுப் பேருந்து, பாட்டு கிடையாது. டிரைவர் நன்றாகப் பாடுவார்.