நியூரம்பெர்க்கில் நாஜிக் காலக் கட்டடங்களைப் பார்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் 2 நாள் தங்குகிறேன். கோட்டையும் பழைய நகரமும் எப்படியும் பார்த்துவிடுவேன். எனக்கு முக்கியம், ஊரின் தென்கிழக்கில் உள்ள நாஜிக் கட்சி மாநாட்டுத் திடல்தான்.

ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பியர் வடிவமைத்த செப்பலின் திடல் மேடை, 50,000 பேருக்கென்று தொடங்கிக் கூரையே போடாமல் நின்றுபோன மாநாட்டு மண்டபம், 60 மீட்டர் அகலத்தில் போட்ட கருங்கல் சாலை. மனிதனைச் சிறியவனாக உணரவைக்கவே கட்டியவை இவை. திடலின் கட்டுமானத்துக்காக ஃபுளோசன்பூர்க் போன்ற வதைமுகாம்களில் கைதிகளை வைத்துக் கல் உடைத்தார்கள் என்று படித்ததிலிருந்து, அந்த இடத்தை வெறும் கட்டடக்கலையாக என்னால் நினைக்க முடியவில்லை. அதனால் அவசரமாகச் சுற்றிவிட்டு வர மனமில்லை.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள். திடலில் இருக்கும் ஏரியைச் சுற்றி நடந்தே எல்லாவற்றையும் பார்க்க அரை நாள் போதுமா? மண்டபத்துக்குள் இருக்கும் ஆவண மையத்தில் (திடலின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம்) இப்போது எந்தப் பகுதிகள் திறந்திருக்கின்றன? அப்புறம், 1945 நவம்பரில் நாஜித் தலைவர்கள் மீதான விசாரணை தொடங்கிய 600-ஆம் எண் நீதிமன்ற அறை நகரின் மேற்கே இருக்கிறது. அதையும் அதே நாளில் சேர்க்கலாமா, இல்லை மறுநாளுக்கு வைப்பது நல்லதா?

கூட 12 வயது மகளும் வருகிறாள். குழந்தைகளோடு போனவர்கள், இதையெல்லாம் அவர்களுக்கு எப்படி எடுத்துச் சொன்னீர்கள் என்பதையும் எழுதினால் பெரிய உதவி.