தோற்கிற டீமில் எட்டாவது ஆளை எப்படிங்க எடை போடுவது?

கொழிஞ்சாம்பாறை பிஸ்டன்:

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவில் 2023-24 டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் டீம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்துவிட்டு, அப்புறம் வரிசையாக 28 தோல்வி. டிசம்பர் 30ஆம் தேதி டொராண்டோவை 129-127 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்த பிறகுதான் மூச்சு வந்தது. சீசன் முடிவில் 14-68, அதாவது 14 வெற்றி, 68 தோல்வி. அந்தக் குளிர்காலம் முழுக்க விடியற்காலையில் ஆட்டம் பார்ப்பது, கோயம்புத்தூர் பஸ் ஏறுவதற்குள் குரூப்பில் திட்டித் தீர்ப்பது, இதுதான் எங்கள் பிழைப்பு. திட்டு யாருக்கு விழும் என்றால் டீமின் நட்சத்திரம் கேட் கன்னிங்ஹாமுக்கு இல்லை. ஐசேயா ஸ்டூவர்ட்டுக்கு, கில்லியன் ஹேஸுக்கு, பெஞ்சிலிருந்து எழுந்து வந்து எட்டு நிமிஷம் ஆடிவிட்டுப் போகிறவனுக்கு.

அடுத்த சீசனே 44-38, சாம்பியன் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கும் போயாச்சு. அன்றைக்கு ஸ்டூவர்ட்டைக் கிழித்துத் தொங்கவிட்ட அதே ஆட்கள் இன்றைக்கு "எங்க ஆளு கூடைக்குக் கீழே நின்றால் ஒருத்தன் உள்ளே வரமாட்டான்" என்று ஸ்டிக்கர் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். என் கேள்வி இதுதான். அவர் நடுவில் ஒரே வருஷத்தில் வளர்ந்துவிட்டாரா, இல்லை நாம்தான் முதலிலேயே தப்பாகப் பார்த்தோமா? இரண்டாவது என்றால், டீம் தோற்றுக்கொண்டிருக்கும்போதே நட்சத்திரமாக இல்லாமல் தனக்குக் கொடுத்த வேலையை மட்டும் செய்கிற ஒரு ரோல் பிளேயரை நியாயமாகப் பார்க்க என்ன வழி? பாக்ஸ் ஸ்கோரை, அதாவது யார் எத்தனை பாயிண்ட் எடுத்தார் மாதிரியான எண் பட்டியலை, ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும், அது குரூப்பிலேயே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

பொள்ளாச்சி பி.டி. மாஸ்டர்:

தம்பி, ஸ்டூவர்ட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2023-24இல் கோச் மாண்டி வில்லியம்ஸ் அவரைப் பவர் ஃபார்வர்டாக நிறுத்தினார். பக்கத்தில் ஜேலன் டியூரன், அவரும் கூடைக்குக் கீழேயே ஆடிப் பழகியவர். அப்போ ஸ்டூவர்ட் என்ன செய்ய வேண்டும்? பந்து நம் கையில் இருந்தால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும், எதிரணி கையில் இருந்தால் தன்னைவிட வேகமான ஃபார்வர்டைத் துரத்த வேண்டும். இயல்பிலேயே சென்டரான, அதாவது கூடைக்குக் கீழே ஆடுகிற, ஒருவருக்கு இரண்டுமே இரவல் வேலை. மறு வருஷம் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார், டியூரன் உட்காரும்போது சென்டராக இறங்கு, உள்ளே வருகிறவனை மறி, அவ்வளவுதான் உன் வேலை என்று சுருக்கினார். நிமிஷம் குறைந்தது, பேர் கூடியது. ஆள் கொஞ்சம் முன்னேறியும் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய மாற்றம் வேலையில்தான்.

ஸ்கூல் பசங்களை வைத்து டீம் கட்டுகிறவனுக்கு இது தினப்படி கதை. உயரமான பையனைப் பார்த்ததும் "சார், இவன் ஏன் ஸ்கோர் பண்ணுவதில்லை" என்று அப்பா அம்மா வந்து நிற்பார்கள். நான் அவனிடம் ஸ்கோரே கேட்கவில்லை. பந்தைக் கொண்டுபோகும் இரண்டு கார்டுக்கும் ஸ்க்ரீன் போடு, அதாவது அவர்களைத் துரத்துகிறவன் வழியை உடம்பால் மறித்து நில், ஷாட் போனதும் உன் ஆளை முதுகால் தடுத்து வெளியே தள்ளு என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவன் அப்படி பாக்ஸ் அவுட் பண்ணினால் ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டில் திரும்பி வரும் பந்து, பக்கத்துப் பையன் கையில் விழும், ஸ்கோர்ஷீட்டில் அவன் பேரில் பூஜ்யம்தான் இருக்கும்.

டிவியில் பார்க்கும்போது ஒன்று செய்து பாருங்கள், ஒரே ஒரு குவார்ட்டருக்கு. பந்தைப் பார்க்காமல் அந்த ஒரு ஆளை மட்டும் பாருங்கள். ஸ்க்ரீன் போடும்போது எதிராளி உடம்பில் உண்மையிலேயே மோதுகிறானா, சும்மா பக்கத்தில் நின்றுவிட்டு நகர்கிறானா? கூட்டாளியின் ஆள் தாண்டிக்கொண்டு உள்ளே வரும்போது உதவிக்கு ஒரு எட்டு முன்னாடியே கிளம்புகிறானா, எல்லாம் முடிந்தபிறகு கையைத் தூக்குகிறானா? ஷாட் தவறியதும் திரும்பி ஓடுகிறானா, ரெஃப்ரியிடம் முறையிட்டுக்கொண்டு நிற்கிறானா? ஹைலைட்ஸில் இது ஒன்றும் வராது. இது தோற்கிற டீமிலும் தெரியும், 30 பாயிண்ட் பின்னால் இருக்கும்போது இன்னும் நன்றாகவே தெரியும்.

வேலந்தாவளம் கணக்குப்பிள்ளை:

மாஸ்டர் சொன்னதற்கு மேல் கொஞ்சம் எண் சேர்க்கிறேன், பயப்படாதீர்கள். தயவுசெய்து ஒரு ஆட்டத்துப் பிளஸ்-மைனஸைத் தூக்கிக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதாதீர்கள். அவன் களத்தில் இருந்த நேரத்தில் டீம் எத்தனை முன்னே, எத்தனை பின்னே என்பதுதான் அந்த எண். கூட நின்ற நாலு பேரும் எதிரே நின்ற அஞ்சு பேரும் அதற்குள்ளேதான் இருக்கிறார்கள். 20 பாயிண்டில் தோற்ற ஆட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் மைனஸ் இருக்கும். ஆட்டம் முடிந்துபோன கடைசி அஞ்சு நிமிஷத்தில், எதிரணியும் பெஞ்சைக் காலி பண்ணிய பிறகு இறங்கியவனுக்குப் பிளஸ் 7 என்று வரும், உடனே இவனை ஸ்டார்ட் பண்ணு என்று ஒருத்தர் போஸ்ட் போடுவார். பார்த்தே தீர வேண்டும் என்றால் சீசன் முழுவதையும் எடுங்கள். 100 பொசெஷனுக்கு, அதாவது பந்து நூறு முறை கைக்கு வந்தால், டீம் எப்படி என்று, அவன் உள்ளே இருக்கும்போது ஒரு கணக்கு, வெளியே இருக்கும்போது ஒரு கணக்கு. அதிலும் கேட்கூட எவ்வளவு நேரம், கேட் இல்லாமல் எவ்வளவு நேரம் என்று பிரிக்காவிட்டால் பாதிக் கிணறுதான்.

இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுவோம். மோசமான டீம் ஒருவனைக் குறைத்துக் காட்டுவது மாதிரியே கூட்டியும் காட்டும். ஜெராமி கிராண்டை எடுங்கள். டென்வரில் ரோல் பிளேயராக 2020 மேற்குப் பிரிவு ஃபைனல் வரை போனவர், டெட்ராய்ட்டுக்கு வந்ததும் 2020-21இல் சராசரி 22.3 பாயிண்ட். டீம் 20-52. கிராண்ட் சோடை கிடையாது, டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கிய அமெரிக்க டீமிலும் இருந்தார். ஆனால் யாராவது ஷாட் போட்டுத்தானே ஆகணும், அந்த வருஷம் அது அவர். அந்த 22.3ஐ வைத்து இவர் பெரிய நட்சத்திரம் என்றவர்களும் தப்பு, நாலு வருஷம் முன்னாடி இவரெல்லாம் வேஸ்ட் என்றவர்களும் தப்பு.

மீனாட்சிபுரம் மூணு பாயிண்ட்:

எல்லாரும் ரொம்பத்தான் பாவம் பார்க்கிறீர்கள். ரசிகன் கோர்ட் ஜட்ஜா? தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்கிறவன் நாலு வார்த்தை திட்டத்தான் செய்வான். அப்புறம் ரசிகன் எப்போதும் தப்பாகவே பார்க்கிறான் என்பதும் கதை. ஹேஸ் 2020 டிராஃப்டில், அதாவது டீம்கள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வில், ஏழாவது ஆள். பாஸ் நல்லாயிருக்கு, டிஃபென்ஸ் நல்லாயிருக்கு என்று சொல்லிச் சொல்லியே வருஷங்களை ஓட்டினார்கள், ஷாட் மட்டும் விழவே இல்லை. 2024 பிப்ரவரியில் டீமே கைகழுவிவிட்டது. அவர் விஷயத்தில் நம் குரூப் சொன்னது சரிதானே?

சம்பளத்தையும் பார்க்கத்தான் வேண்டும். டோபயாஸ் ஹாரிஸுக்கு ஃபிலடெல்ஃபியா 2019இல் அஞ்சு வருஷத்துக்கு 180 மில்லியன் டாலர் கொடுத்தது. 2024 பிளேஆஃபில் நியூயார்க் நிக்ஸோடு கடைசி ஆட்டம், வெளியே போகிற ஆட்டம், அவர் எடுத்தது பூஜ்யம். சொந்த ஊர்க்காரர்களே கூச்சல் போட்டார்கள், போடாமல் மாலையா போடுவார்கள்? சேலரி கேப், அதாவது டீமின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு, உள்ள லீக் இது. ஒருத்தனுக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருத்தனை வாங்கப் பணம் இருக்காது. அதனால் சம்பளத்தைப் பார்க்காதே என்று யாரும் எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்.

சித்தூர் டிஃபென்ஸ்காரி:

மீனாட்சிபுரம் அண்ணா, ஹேஸ் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. கார்டு ஒருத்தர் ஷாட் போடவே மாட்டார் என்று தெரிந்தால் எதிரணி அவரை அப்படியே விட்டுவிட்டுப் கூடைக்குக் கீழே உள்ள பெயிண்ட் பகுதிக்குள் போய் அடைத்துக்கொள்ளும், மற்ற நாலு பேருக்கும் இடம் போய்விடும். அது அவர் குறைதான். ஹாரிஸ் விஷயத்தில்தான் ஒத்துக்க மாட்டேன். அந்த 180 மில்லியனை அவரே எழுதிக்கொள்ளவில்லையே, டீம் நடத்துகிறவர்கள் நீட்டினார்கள், யாராக இருந்தாலும் கையெழுத்துப் போடுவார்கள். அதே ஆள் அந்தக் கோடையிலேயே இரண்டு வருஷம் 52 மில்லியனுக்கு டெட்ராய்ட் வந்ததும் எல்லாரும் பக்குவமான சீனியர், சின்னப் பசங்களுக்கு வழிகாட்டி என்கிறீர்கள். சம்பளத்தைப் பார்த்துத் திட்டணும்னா ஆஃபீஸ் அறையில் இருக்கிறவர்களைத் திட்டுங்கள். டெட்ராய்ட் ரசிகர்களே அதைச் செய்தார்கள். அந்த 28 தோல்வியின்போது அரங்கத்திலேயே "டீமை வித்துட்டுப் போ" என்று ஓனரைப் பார்த்துக் கோஷம் போட்டார்கள், எட்டாவது ஆளைப் பார்த்து இல்லை.

நான் பாலக்காட்டில் காலேஜ் டீமுக்கு ஆடியிருக்கிறேன், ஆடினது டிஃபென்ஸுக்காக மட்டும். கேரளாவில் பாஸ்கெட்பால் பிடித்த பெண்ணுக்கு கீது அன்னா ஜோஸ் அக்காதான் கனவு. 2011இல் அமெரிக்கா போய் அங்கே பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ டீம்களில் தேர்வுக்கு நின்று வந்தவர். கனவு சரி, ஒரு டீமில் அஞ்சு பேரும் அவராக ஆட முடியாது இல்லையா. எனக்குப் பந்து வருகிறதே, ஷாட் போட மிச்சம் இருக்கும் நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக்கில் மூணு செகண்ட் பாக்கி இருக்கும்போதுதான். முன்னால் இருக்கிறவர்கள் இருபது செகண்ட் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வழி இல்லாமல் மூலையில் நிற்கிறவளிடம் தள்ளுவார்கள், போட்டுத்தான் ஆகணும், போகாது, கணக்கில் என் பேருக்கு ஒரு மிஸ். நல்ல டீமில் அதே மூலையில் அதே ஷாட் எப்படி வரும் தெரியுமா? நட்சத்திர ஆட்டக்காரரை இரண்டு பேர் சூழ்ந்ததால் திறந்து கிடக்கும், பந்து பத்து செகண்ட் மிச்சம் இருக்கும்போதே வந்து சேரும், காலை ஊன்றிப் போடலாம். தலைமடையில் மதகைத் திறக்காமல் கடைமடைக்காரனிடம் வந்து உன் வயல் ஏன் காய்ந்தது என்று கேட்டால் எங்கள் சித்தூர்ப் பக்கம் சிரிப்பார்கள். அதனால் சதவீதம் பார்க்கும்போது அது எப்படிப்பட்ட ஷாட், கிளாக்கில் எத்தனை பாக்கி, ஆள் எவ்வளவு கிட்டே நின்றான் என்பதையும் பார்க்கச் சொல்கிறேன், என்பிஏ தளத்திலேயே அதெல்லாம் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, அந்த 10-72 ஃபிலடெல்ஃபியா, 2015-16. எல்லாரும் கிண்டல் செய்த டீம், அதற்கு முந்தின சீசனின் கடைசிப் பத்தும் சேர்த்து அவர்களுக்கும் 28 வரிசைத் தோல்வி. அதில் யார் யார் இருந்தார்கள் பாருங்கள். ராபர்ட் கோவிங்டன், டிராஃப்டில் யாரும் எடுக்காதவர், 2017-18இல் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களுக்கான ஆல்-டிஃபென்ஸ் முதல் அணியில். கணக்குப்பிள்ளை சொன்ன ஜெராமி கிராண்டும் அங்கேதான் இருந்தார். டி.ஜே. மெக்கானல், அவரையும் டிராஃப்டில் எடுக்கவில்லை, 2025 ஃபைனலில் மூன்றாவது ஆட்டத்தில் இந்தியானா பெஞ்சிலிருந்து வந்து 10 பாயிண்ட், 5 அசிஸ்ட், 5 ஸ்டீல், அதாவது எதிரணியிடமிருந்து பறித்த பந்து. ஸ்டீலைக் கணக்கெடுக்க ஆரம்பித்ததிலிருந்து ஃபைனலில் பெஞ்ச் ஆள் யாரும் அப்படிச் செய்ததில்லை. பத்து ஜெயித்த டீமிலும் அவர் முழுக் கோர்ட்டும் பந்துக்காரனைத் துரத்திக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு யார் பார்த்தோம்?

கொழிஞ்சாம்பாறை பிஸ்டன்:

மாஸ்டர் சொன்னபடி பழைய ஆட்டம் ஒன்றை எடுத்து ஸ்டூவர்ட்டை மட்டும் பார்த்தேன், பாஸ்டனோடு ஓவர்டைம் வரை போன அந்த 28ஆவது தோல்விக்கு முந்தின மாத ஆட்டம் ஒன்று. ஸ்க்ரீன் எல்லாம் இடிக்கிற ஸ்க்ரீன். டிஃபென்ஸில் வெளியே இழுத்துப் போனால்தான் கால் திணறுகிறது, அதுவும் பலமுறை. கணக்குப்பிள்ளை அண்ணா, கேட் உள்ளே, கேட் வெளியே கணக்கு உங்களிடம் இருந்தால் போடுங்கள், குரூப்பில் காட்ட வேண்டும்.

வேலந்தாவளம் கணக்குப்பிள்ளை:

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எடுத்துப் போடுகிறேன். ஸ்டூவர்ட் சென்டராக ஆடிய நிமிஷத்தையும் டியூரன்கூட ஆடிய நிமிஷத்தையும் தனித்தனியாகவே எடுக்கிறேன், இல்லாவிட்டால் மாஸ்டர் விடமாட்டார்.

மீனாட்சிபுரம் மூணு பாயிண்ட்:

போடுங்க, பார்ப்போம். தங்கச்சி சொன்ன ஷாட் கிளாக் விஷயம் சரி, அதை நான் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பேசவில்லை அவ்வளவுதான். திரும்பி ஓடாதவனை மட்டும் எந்த டீமில் இருந்தாலும் திட்டுவேன், அதற்கு எந்தக் கணக்கும் வேண்டாம். ஹாரிஸுக்கு 180 மில்லியன் அதிகம்தான்.